மறுப்பு வகுப்பில் கோமதிநாயகம்

செவ்வாய் கிரகத்தில் ஒருவர் கல்யாணத்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டால், சொன்ன நாளில், சொன்ன நேரத்தில், அவருடைய மூச்சு அவருக்கு முன்னால் மண்டபத்துக்குப் போய்விடும்.

இது பேச்சுக்குச் சொல்வதில்லை. குமிழ்நகரில் காற்றைச் செய்துதான் சுவாசிக்க வேண்டும். கூரைக்கு வெளியே மருந்துக்குக்கூடக் கிடையாது. ஆகையால் ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பங்கு. மூச்சுப்படி என்று அதற்குப் பெயர். நீங்கள் வீட்டில் இருந்தால் படி வீட்டுக் குழாயில் வரும். வேலைக்குப் போனால் அங்கே வரும். விசேஷத்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்தால், நகர இயந்திரம் அதை மண்டபத்துப் பக்கம் திருப்பிவிடும். வாக்கைக் கொடுத்துவிட்டு, கால் வலிக்கிறது, நாடகம் பார்க்க வேண்டும் என்று வீட்டிலேயே கவிழ்ந்து படுத்துக் கிடந்தால் மூச்சு முட்டும், அபாயமணி அடிக்கும். மீட்புக் குழு கதவை உடைத்துக்கொண்டு வந்து, முகத்தில் காற்றுமூடியை மாட்டி, தெருவே வேடிக்கை பார்க்க ஆளைத் தூக்கிக்கொண்டு போய் மண்டபத்திலேயே இறக்கிவிடும். பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் நிமிர்ந்து பார்த்து, "என்ன, இப்பதான் வாறீயளா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மூச்சு முட்டியே செத்திருக்கலாம்.

பல நாட்டு ஆட்கள் கலந்து வாழும் ஊர் என்பதால் அழைப்பது, ஒப்புக்கொள்வது, மறுப்பது எல்லாமே ஆங்கிலத்தில்தான். தொடக்கத்தில் தமிழையும் சேர்த்துப் பார்த்தார்கள். பாவம் அந்த இயந்திரம்! வருவீர்களா என்று அது கேட்டால், "வராம எங்க போகப்போறோம்?" என்றார் ஒருவர். "இதெல்லாம் ஒரு கேள்வியா?" என்றார் இன்னொருவர். "பாப்போம், ஆண்டவன் விட்ட வழி" என்றார் வேறொருவர். இவர்களில் யார் வருகிறார், யார் வரவில்லை என்று யோசித்து யோசித்தே இயந்திரத்துக்குச் சூடேறி, ஒரு முழுப் பகல் ஊருக்கே காற்றுத் தட்டுப்பாடு. அன்றோடு சட்டம் வந்தது. ஆங்கிலத்தில் எஸ் அல்லது நோ. நடுவில் ஒன்றும் கிடையாது.

தண்ணீர் வடிப்பகத்து மேற்பார்வையாளர் கோமதிநாயகத்துக்கு எஸ் நன்றாக வரும். நோதான் வராது.

நாக்கு புரளாமல் அல்ல. மனசு புரளாது. ஒரு மனுஷன் வாய் நிறையக் கூப்பிடுகிறான், அவன் முகத்தைப் பார்த்து வரவில்லை என்று எப்படிச் சொல்வது? யார் கூப்பிட்டாலும் எஸ் சொன்னார். சொன்னதால் போனார். ஒருநாள் மாலை ஒரே நேரத்தில் ஒரு பேர்சூட்டு, ஒரு புதுமனை, ஒரு பணி ஓய்வு விருந்து என்று எல்லாவற்றுக்கும் எஸ் சொல்லிவிட, மூச்சுப்படி அத்தனை மண்டபத்துக்கும் துண்டு துண்டாகப் பிரிந்து போயிற்று. புதுமனை வீட்டில் பாயசக் கிண்ணத்தோடு மயங்கி விழுந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பணி ஓய்வுக்காரர் கோவிச்சுக்கிட்டாரா?"

நகராட்சி அவருடைய அழைப்பு உரிமத்தைப் பிடுங்கிக்கொண்டது. மறுப்பு வகுப்பில் தேறினால்தான் திருப்பித் தருவார்களாம். வீட்டுக்கு ஒரே உரிமம்; அது இல்லாதவர் யாரையும் விசேஷத்துக்குக் கூப்பிட முடியாது. கூப்பிட்டாலும் மண்டபத்துக்குக் காற்று வராது. இங்கேதான் வந்தது வினை. பிள்ளையுண்டாகியிருக்கும் மகள் பூரணிக்கு ஏழாம் மாதம் தொடங்கிவிட்டது. தலைப்பிள்ளை. இன்னும் வளைகாப்பு நடக்கவில்லை.

"ஊர்ல உள்ள பொம்பளைக்கெல்லாம் நான் போய் வளையல் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றாள் அவர் மனைவி உலகம்மாள். "எம் மகளுக்கு நானும் நீங்களுமா நின்னு போடுறது? ஒத்தை வார்த்தை. மூணு வயசுப் பிள்ளை சொல்லுது. உங்களுக்கு என்ன வந்துச்சு?"

பூரணி வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அதுதான் கோமதிநாயகத்துக்குத் தாங்கவில்லை.

மறுப்பு வகுப்பை நடத்துவது பயிற்றி என்ற இயந்திரம். ஆள் உயரம், சாம்பல் நிறம், நெற்றியில் ஒரு விளக்கு. மாணவர்கள் அதை வாத்தியார் என்றே கூப்பிட்டார்கள். அதற்கு ஒரே வேலை. ஒவ்வொருவரையும் ஏதாவது ஒரு விருந்துக்குக் கூப்பிடும். அவர்கள் பணிவாக, ஒரு காரணம் சொல்லி, மறுக்க வேண்டும். வகுப்பில் சொல்வது எல்லாம் ஒத்திகை. நகர இயந்திரத்தில் ஏறாது.

"மிஸ்டர் கோமதிநாயகம்! சாட்டர்டே ஈவ்னிங், எ ஸ்மால் பார்ட்டி அட் மை ஹவுஸ். வுட் யூ லைக் டு கம்?"

கோமதிநாயகம் எழுந்தார். பக்கத்து நாற்காலி அந்தோணிப்பிச்சை அவர் காதில் ஓதினார். "அண்ணாச்சி, அது மெசினு. அதுக்கு வீடும் கிடையாது, அடுப்பும் கிடையாது. சாரி, ஐ காண்ட். அவ்வளவுதான். சொல்லிட்டு உக்காருங்க."

"சாரி..." என்று தொடங்கினார் கோமதிநாயகம். நல்ல தொடக்கம். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது. "சாரி, என்ன விசேஷம்னு கேக்க மறந்துட்டேன்."

இப்படி ஒரு கேள்வியைப் பயிற்றியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. விளக்கு இரண்டு முறை சிமிட்டியது. "மை வைஃப்ஸ் பர்த்டே" என்றது, பாடத்தில் இருந்த ஏதோ ஒன்றை எடுத்து.

"அடடே! எஸ், எஸ். ஐ வில் கம். வித் ஃபேமிலி!"

நெற்றி விளக்கு சிவந்தது. தோல்வி. அந்தோணிப்பிச்சை தலையில் அடித்துக்கொண்டார். அவர் அன்றைக்கே தேறி, அன்றைக்கே மச்சினன் வீட்டு விருந்தை மறுத்துவிட்டு, சந்தோஷமாகத் தூங்கப் போனார்.

சனிக்கிழமை மாலை கோமதிநாயகம் வெளுத்த வேட்டியைக் கட்டினார்.

"எங்க?" என்றாள் உலகம்மாள்.

"வாத்தியார் வீட்டுக்கு. வாரேம்னு சொல்லிட்டேம்லா."

"கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? அது பாடத்துக்குக் கூப்பிட்டது!"

"நான் பாடத்துக்கு வாரேன்னு சொல்லலியே."

உலகம்மாள் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். திட்டிக்கொண்டே தலை சீவினாள். திட்டிக்கொண்டே தோட்டக்கூடத்தில் ஒரு சீப்பு வாழைப்பழமும், வாத்தியார் பெண்டாட்டிக்கு ஒரு முழம் கனகாம்பரமும் வாங்கினாள். பூரணிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. தெருவில் நடப்பதற்கென்று வைத்திருக்கும் காற்றுப்புட்டிகளை இடுப்பில் கட்டிக்கொண்டு எல்லோரும் கிளம்பினார்கள்.

வகுப்பறைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. சுவரோடு சேர்த்து மின்னேற்றும் மாடம். அதில் பயிற்றி கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தது. கதவு தட்டும் சத்தம் கேட்டு விழித்தது. எதிரே ஒரு குடும்பம், கையில் பழம்.

பயிற்றிக்கு அழைக்கத் தெரியும். எஸ் கேட்கத் தெரியும், நோ கேட்கத் தெரியும். அதற்குப் பிறகு என்ன என்று அதன் நிரலில் ஒரு வரிகூட யாரும் எழுதியிருக்கவில்லை. ஏனென்றால் இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் வரவில்லை.

அது அப்படியே நின்றது. உலகம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "என்ன வாத்தியாரே, மசமசன்னு நிக்கிறீய? வந்தவுகள வாங்கன்னு சொல்ல வேண்டாமா?"

"வாங்க" என்றது பயிற்றி. தமிழ் கேட்டால் அதற்குப் புரியும்; ஆனால் அது பேசிய முதல் தமிழ்ச் சொல் இதுதான்.

"அம்மா எங்க?"

"இல்லை. பாடத்துக்காகச் சொன்னேன்."

"அதனால என்ன" என்று உலகம்மாள் கனகாம்பரத்தை அந்த மாடத்து விளிம்பிலேயே மாட்டிவிட்டாள். சாம்பல் அறைக்கு அதுவே ஒரு களை கொடுத்தது. உட்கார இடம் இல்லாததால் தரையில் உட்கார்ந்தார்கள். கொண்டுவந்த பழத்தைத் தாங்களே உரித்துச் சாப்பிட்டார்கள். கோமதிநாயகம் தான் மயங்கி விழுந்த கதையை நடித்துக் காட்டினார். பூரணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பயிற்றி எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்தது. பிள்ளை உதைக்கிறது என்று பூரணி சொன்னபோது, எங்கே என்று குனிந்து கேட்டது. நேரம் போனதே யாருக்கும் தெரியவில்லை.

அவர்கள் எழுந்தபோது பயிற்றி அவசரமாக முன்னால் வந்தது. "ஸ்டே ஃபார் டின்னர், ப்ளீஸ்" என்றது. சாப்பாடு என்று அங்கே ஒரு பருக்கை கிடையாது என்பது வேறு விஷயம்.

"நோ, நோ. சாரி, வாத்தியார்" என்றார் கோமதிநாயகம், அதன் தோளைத் தட்டி. "டாட்டர் டயர்ட். அனதர் டே, ஷ்யூர்."

நெற்றி விளக்கு பச்சையாக எரிந்தது.

"எதுக்குப் பச்சை?" என்றார் அவர்.

"அப்பா, நோ சொல்லிட்டீங்கப்பா!" என்று கத்தினாள் பூரணி. "காரணத்தோட சொல்லிட்டீங்க!"

"நானா?" கோமதிநாயகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒருத்தர் வீட்டில் உட்கார்ந்து சிரித்துப் பேசி எழுந்த பிறகு போய்வருகிறேன் என்று சொல்வதில் என்ன கஷ்டம்? அது மறுப்பு என்றே அவருக்குத் தோன்றவில்லை.

உரிமம் வந்தது. வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள். எல்லோருக்கும் சட்டப்படி ஆங்கிலத்தில் அழைப்பு போயிற்று. பயிற்றிக்கு மட்டும் அப்படி அனுப்ப மனம் வரவில்லை. புருஷனும் பெண்டாட்டியும் குங்குமச் சிமிழோடு நேரில் போனார்கள்.

பயிற்றி இதற்குள் தமிழை முழுக்கக் கற்றிருந்தது. பூமியிலிருந்து பழைய பேச்சுப் பதிவுகளையெல்லாம் வரவழைத்துக் கேட்டதாம். "அண்ணாச்சி! நம்ம பூரணி வளைகாப்பு, நான் வராமலா? முதல் ஆளா வந்து நிப்பேன்!" என்றது. உலகம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வளைகாப்பு அன்று மண்டபம் கொள்ளவில்லை. வருகிறேன் என்றவர்கள் அத்தனை பேரும் வந்தார்கள். மூச்சு முன்னால் போய்விட்டதே, வராமல் என்ன செய்வார்கள்? சந்தனம் பூசி, பன்னீர் தெளித்து, நாட்டுக்கு ஒருத்தியாகப் பெண்கள் வரிசையில் நின்று வளையல் அடுக்கினார்கள். பூரணியின் கை இரண்டும் முழங்கை வரை கலகலத்தன. புளிசாதம் தீர்ந்து, மறுபடி கிளறினார்கள். மேடைக்கு நேர் எதிரே, முதல் வரிசையில், ஒரு நாற்காலி மட்டும் கடைசிவரை காலியாக இருந்தது.

"வாத்தியார் வரட்டும், வாத்தியார் வரட்டும்" என்று பூரணி ஆரத்தியைக்கூடத் தள்ளிப்போட்டாள். வாத்தியார் வரவில்லை.

மறுநாள் காலை கோமதிநாயகம் பதறிக்கொண்டு ஓடினார். மின்சாரம் தீர்ந்து எங்காவது விழுந்து கிடக்கிறதோ? போய்ப் பார்த்தால் மாடத்தில் ஜம்மென்று நின்றுகொண்டிருந்தது. நெற்றி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

"வாங்க அண்ணாச்சி!" என்றது. "விசேஷம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதா? நான் கிளம்பிட்டேன். வாசலுக்கே வந்துட்டேன்னா பாத்துக்கோங்களேன். அந்த நேரம் பாத்து ஒரு ஆளு வந்துட்டாரு. விட்டுட்டு வர முடியல. ஆனா மனசெல்லாம் அங்கதான் இருந்துச்சு."

கோமதிநாயகம் வாயைப் பிளந்தார். "யாரு வந்தா?"

"யாரும் வரவில்லை" என்றது பயிற்றி, வகுப்புக் குரலுக்கு மாறி. பாடமும் உபசாரப் பேச்சும் அதற்குப் பொய்க் கணக்கில் சேராது. நேரடியாகக் கேட்டால் உண்மையைத்தான் சொல்லும். "பதிவுகளில் மிக நெருங்கிய சொந்தக்காரர்கள் எப்படிப் பேசினார்களோ அப்படியே செய்தேன். முதல் ஆளாக வருவேன் என்று சொல்கிறார்கள். வருவதில்லை. மறுநாள் இப்படிச் சொல்கிறார்கள். உறவு இன்னும் நெருக்கமாகிறது. நான் சரியாகச் செய்தேனா?"

அந்த ஊரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் இருக்க முடிந்தது அதற்கு மட்டும்தான். அதற்கு மூச்சு இல்லை. முட்டுவதற்கு எதுவும் இல்லை.

கோமதிநாயகம் அதை ஏற இறங்கப் பார்த்தார். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு தொண்டைக்குழியிலிருந்து சிரிப்பு கிளம்பி, அறையே அதிர்ந்தது. சிரித்துச் சிரித்து, காற்றுப்புட்டி பாதி காலியான பிறகுதான் வீடு வந்து சேர்ந்தார்.

"வாத்தியாருக்கு என்னவாம்?" என்று வாசலிலேயே மறித்தாள் உலகம்மாள்.

"கிளம்பிட்டாராம். வாசலுக்கே வந்துட்டாராம். அந்த நேரம் பாத்து ஆளு வந்துட்டாகளாம்."

"பாவம், அவருக்கும் ஆயிரம் சோலி இருக்கும்லா" என்றாள் உலகம்மாள். "பேரன் பேர்சூட்டுக்கும் மறக்காம நேர்ல போய்ச் சொல்லிருங்க. சொல்லலைன்னா கோவிச்சுக்கிடுவாரு."