தலைக்கு ஒரு தட்டு

அராஸ் நகரத்து மணிக்கூண்டு மதியம் மூன்று அடித்து ஓய்ந்ததும், கீழே நிலவறையின் இடப்பக்கச் சுவரை யாரோ ஐந்து முறை தட்டினார்கள். ஒர்தான்ஸ் சிக்கரிக் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தாள். இடப்பக்கம் வீடே கிடையாது. பன்னிரண்டு வருஷமாக வெறும் புல்தான்.

நிலவறை இருட்டில் வளர்க்கும் சிக்கரிக் குருத்தை அறுக்கப்போன புருஷன் அல்சீதின் சேட்டை என்று நினைத்தாள். விளையாட்டுக்கு அந்த மனுஷனுக்கு நேரம் காலம் கிடையாது.

"காப்பி ஆறுது, மேல வாய்யா."

"தட்டுனது நான் இல்லடி," என்றான் கீழிருந்து. குரலில் சிரிப்பில்லை. "லெமேர் வீட்டுச் சுவரு."

சண்டைக் காலத்தில் தெருவே நிலவறைகளில்தான் குடியிருந்தது. ஒரு வீடு இடிந்தால் அடுத்த வீட்டார் உடைத்து இழுத்துக்கொள்ள வசதியாக, நடுச்சுவர்களை ஒற்றைச் செங்கல்லில் கட்டியிருந்தார்கள். குண்டுவீச்சு ஓய்ந்ததும் உயிரோடிருப்பவர்கள் அந்தச் சுவரில் தலைக்கு ஒரு தட்டு தட்டுவார்கள். கேட்டவர்களும் தங்கள் தலைக்கணக்கைத் தட்டிச் சொல்ல வேண்டும். இடப்பக்கத்து லெமேர் குடும்பத்தில் குழந்தைகளோடு ஐந்து பேர். அவர்கள் வீடு விழுந்த அன்றும் ஐந்து தட்டு கேட்டது. உடைத்தால் தங்கள் கூரையும் சரியும் என்று பயந்து, சம்மட்டி எடுத்த அல்சீதின் கையை ஒர்தான்ஸ் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் தட்டினார்கள். ஐந்து, மூன்று, கடைசியில் ஒன்று. விசாரித்தவர்களிடம் தட்டுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னாள்.

"பதில் தட்டித் தொலைக்காத," என்றாள்.

சொல்லி முடிப்பதற்குள் கீழே இரண்டு தட்டு. பழகிய கை.

அப்புறம் சத்தமே இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விளக்கோடு இறங்கினாள். ஈரச் சுண்ணாம்புக்கல்லின் வாடையும் அறுத்த குருத்தின் கசப்பும் மூக்கில் ஏற, படிக்குப் படி குளிர் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு வந்தது. மண்பாத்தியில் பாதி அறுத்த குருத்து. பக்கத்தில் கத்தி. சுவரில் ஒரு கல்கூடப் பெயரவில்லை.

ஆள் இல்லை.

சுவருக்கு அப்பால் தட்டினார்கள். ஆறு. ஆறாவது தட்டு அல்சீதுடையது. அந்தக் கனத்த கையை அவளுக்குத் தெரியாதா?

ஓடிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் இன்னொரு தரம் பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை, அதுவும் அவனை விட்டுவிட்டு. கையை ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டினாள்.

விளக்கு அணைந்தது.

படிக்கட்டைத் தேடிக் கையை நீட்டினாள். செங்கல். இந்தப் பக்கம் செங்கல். அந்தப் பக்கமும். இருட்டில் ஒரு சின்னக் கை அவள் பாவாடையைப் பற்றியது. சுற்றிலும் மூச்சுச் சத்தம்.

எல்லோரும் ஒவ்வொருவராகத் தட்டினார்கள். ஏழாவதாக அவளும் தட்டினாள்.

மறுபக்கத்தில், அவளுடைய நிலவறையில், பதில் தட்ட யாரும் இல்லை.