ஈறு மரத்த நாள்

பல் பிடுங்கப் போட்ட ஊசியின் மரப்பு மத்தியானத்துக்குள் விட்டுவிடும் என்றுதான் பல் டாக்டர் சொல்லியிருந்தார். வெயில் சாய்ந்து, அக்கா மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பும் நேரமாகியும் அவனுடைய மேல் ஈறு மட்டும் கட்டையாகவே கிடந்தது.

வலித்திருந்தால் தேவலை. இது அவனுக்குப் பழகிய மரப்பு. கொக்கெய்ன் பொடியை விரலில் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்ட காலத்தில் முதலில் இதே இடம்தான் செத்துப்போகும். பின்னாலேயே உடம்பு முழுக்க விளக்குப் போட்டதுபோல் ஆகும். அதில் போன லிஃப்ட் மெக்கானிக் வேலை இப்போதுதான் திரும்பக் கிடைத்திருக்கிறது. அக்கா வீட்டு ஹாலில் படுக்க இடமும்.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. போதை சிகிச்சை மையத்து டாக்டரம்மா சொன்னது காதுக்குள் ஓடியது. "மூளையில செரோட்டோனின்ங்கிற ரசாயனத்தை வாங்கிக்கிற ஏற்பிகள் பல வகை. ஒண்ணு ஆசையைக் கிளப்பிவிடும், இன்னொண்ணு அடக்கும். உங்களுக்கு அந்தத் தராசு இன்னும் சரியா நிக்கல. பழைய வாசனையோ சத்தமோ பட்டாப் போதும், நீங்க யோசிக்கிறதுக்குள்ள உடம்பு கிளம்பிடும். உடனே யார்கிட்டயாவது சொல்லிடுங்க."

அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, இன்னிக்கு நீயே குட்டியைக் கூட்டிக்கிறியா?"

"ஏன்டா, என்னாச்சு?"

சொல்ல வாயெடுத்தான். "ஒண்ணுமில்ல. பல்லு."

"பல்லைப் பிடுங்கினா கால் நடக்காதா? இங்க தலைக்கு மேல வேலை கிடக்குது." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள்.

பள்ளி வாசலில் குட்டி ஓடிவந்து அவன் விரலைப் பிடித்துக்கொண்டாள். நடந்தார்கள். வண்டிகளின் இரைச்சலும், பெட்ரோல் நாற்றமும், கடைக் கண்ணாடிகளில் தெறித்த வெயிலும் தோலுக்குள் புகுந்து அரிப்பதுபோல் இருந்தது; தொண்டையின் அடியில், எதையுமே தொடாமல், பொடியின் அந்தப் பழைய கசப்பு சொட்டுச் சொட்டாக இறங்கத் தொடங்கியது.

"மாமா, நம்ம வீடு அந்தப் பக்கம்."

"தெரியும்டா." குரல் அவனுடையதுதான். சொன்னது அவனில்லை.

ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். லிஃப்ட். எந்த மாடி என்று அவன் நினைக்கவேயில்லை. விரல் அழுத்திவிட்டது. திரும்பிவிடலாம். இப்போதே. கதவு திறந்ததும் திரும்பிவிடலாம்.

கதவு திறந்தது. கால் இடதுபக்கம் போனது.

நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் பழைய கூட்டாளி எட்டிப் பார்த்தான். "அட, ஆள் செத்துட்டான்னுல்ல நினைச்சேன். இது யாரு?"

"அக்கா பொண்ணு. ஒரு நிமிஷம்தான். உடனே போயிடுவேன்."

திரை மூடிய அறை. தாழ்வான கண்ணாடி மேஜை. அதன்மேல் பொடியில் இழுத்த இரண்டு வெள்ளைக் கோடுகள். குனிந்து மூக்கால் உறிஞ்சினான்.

ஒன்று.

விளக்குகள். எல்லா விளக்குகளும். சோபாவில் சாய்ந்தான். கண்ணை மூடினான். எவ்வளவு நேரம், தெரியவில்லை.

போன்.

"எங்கடா இருக்கீங்க ரெண்டு பேரும்? குட்டிகிட்ட குடு."

கண்ணைத் திறந்தான். நெட்டையைக் காணோம். மேஜையருகே குட்டி நின்றிருந்தாள். சத்தமில்லாமல். கண் இமைக்காமல். கண்ணாடியின் விளிம்பு சரியாக அவள் உதட்டு உயரம்.

"ஹலோ? டேய்?"

மிச்சமிருந்த வெள்ளைக் கோட்டின் நடுவே, ஈரமாக, ஒரு சின்ன நாக்கின் அகலத்துக்கு, துடைத்தெடுத்த தடம்.