பதினான்கின் நிழல், பதினைந்தின் வானம்

ஜூலை 17, வியாழன்.
இன்றைய தவறு: முகாம் வரைபடத்தில் 14-ஆம் இடத்துக்குப் பக்கத்தில் காலியாகத் தெரிந்த புல்வெளியைப் பொது இடம் என்று நினைத்துவிட்டேன். அது 15-ஆம் இடம். அங்கே ஆள் இருக்கிறார். தவறு என்னுடையது. அளவு: பெரியது. (முதலில் ‘சிறியது’ என்று எழுதி அடித்திருக்கிறேன்.)
நாளைய வேலை: டிவி டிஷ்ஷுக்கு வானம் தேடுவது.

மாரிட் பேனாவை மூடிவிட்டு, எழுதியதை மறுபடி படித்துப் பார்த்தாள். ‘பெரியது’ என்பதும் போதாது என்று பட்டது.

அவளுக்குப் பத்து வயது. ஊர் நூலகத்தில் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடந்த திசைகாட்டி வகுப்பில் பதினொரு பெரியவர்களும் அவளும் படித்தார்கள். முதலில் தேதி, அடுத்து தவறு, கடைசியில் நாளைய வேலை. குறிப்பேட்டில் அந்த வரிசையில்தான் எழுத வேண்டும். பெரியவர்கள் இரண்டு வாரத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். மாரிட் நிறுத்தவில்லை.

கோடையில், உள்ளேயே சமைத்துத் தூங்கும் வசதியுள்ள வீட்டுவண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கரை முகாமுக்குப் போவது அவர்கள் வழக்கம். இந்த முறை டிவி பார்க்க டிஷ் ஒன்றும் வாங்கினார்கள். கூரையில் பொருத்துகிற வகைதான் வேண்டும் என்றார் அப்பா.

“பட்டனை அமுக்கினா போதும், அதுவே செயற்கைக்கோளத் தேடிக்கும். நான் பாட்டுக்கு உக்காந்திருப்பேன்.”

“வண்டி வெயில்ல நின்னாத்தானேப்பா அதுக்கு வானம் தெரியும்?” என்றாள் மாரிட். இரண்டு மாலை உட்கார்ந்து ஒப்பிட்டு எழுதிய பக்கத்தைக் காட்டினாள். “முக்காலியில வைக்கிற டிஷ்னா, வண்டிய நிழல்ல விட்டுட்டு டிஷ்ஷ மட்டும் வெயில்ல வைக்கலாம். அம்பதடி கேபிள் போதும்.”

அப்பா அந்தப் பக்கத்தைப் படித்தார். முக்காலி டிஷ்ஷை வாங்கினார். “இடத்தையும் நீயே பாத்துச் சொல்லிடு” என்று முகாமின் வரைபடத்தையும் அவள் கையில் கொடுத்துவிட்டார்.

எண் போட்ட வண்டி நிறுத்தும் இடங்களில் அவள் பதினான்கைத் தேர்ந்தெடுத்தாள். வந்து பார்த்தால், பைன் மரங்கள் தலைக்கு மேல் குடை பிடித்தாற்போல் நின்றன. நிழல் அருமையாக இருந்தது. வானம்தான் இல்லை. டிஷ்ஷை எந்த மூலையில் வைத்தாலும் டிவி, சிக்னல் பூஜ்யம் என்றே காட்டியது.

மரங்கள் முடிகிற இடத்தில் பதினைந்து ஆரம்பித்தது. அங்கே ஒரு மரமும் கிடையாது. பச்சைப் புல், அதற்கப்பால் ஏரி, அதற்கு மேல், செயற்கைக்கோள் இருக்கிற தெற்கு வானம் முழுசாக. ஆனால் அது மிஸ்டர் ஹாக்மனின் இடம். முகாமில் அடுத்தவர் இடத்துக்குள் காலை வைக்கக் கூடாது. குறுக்கே நடந்து போவதே தப்பு. இதை யாரும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. மிஸ்டர் ஹாக்மன் மட்டும் ஒட்டியிருந்தார். மஞ்சள் கயிறு கட்டி, அதில் ‘இது பாதை இல்லை’ என்று அட்டையையும் தொங்கவிட்டிருந்தார்.

வேறு சமயமாக இருந்தால் டிவி இல்லாவிட்டால் போகிறது என்று விட்டிருப்பார்கள். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு அம்மா டிவியில் வரப் போகிறாள்.

அம்மா பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். மார்ச் மாதம் ஒரு வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டாள். ஒளிபரப்பாகும்வரை முடிவை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கிவிட்டார்கள். நாலு மாதமாக அம்மா வாயே திறக்கவில்லை. அம்மா தூங்கும்போது தம்பி நெல்ஸ் அவள் காதருகே போய், “ஜெயிச்சியாம்மா?” என்று கேட்டுப் பார்த்தான். குறட்டைதான் பதிலாக வந்தது.

நிகழ்ச்சி ஒரே ஒரு முறைதான் வரும். முகாமில் கைபேசிக்கும் சிக்னல் கிடையாது. டிஷ் வேலை செய்யாது என்று தெரிவதற்கு முன்பே, முகாமில் தங்கள் வரிசையில் தங்கியிருந்த எல்லாரையும் நிகழ்ச்சி பார்க்க அப்பா அழைத்துவிட்டார்.

“வராட்டி விடு, மாரிட்” என்றாள் அம்மா வெள்ளிக்கிழமை மத்தியானம். “நான் என்ன சினிமா நடிகையா? சோளத்தச் சுட்டுச் சாப்பிட்டுட்டு எல்லாரும் போகட்டும்.”

அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னது மாரிட்டுக்கு இன்னும் வேதனையாக இருந்தது. தன் மனம் நோகக் கூடாது என்றுதான் அம்மா அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்தாள்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்கு, மஞ்சள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் பதினைந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாயைக் கவனித்தாள்.

வயதான நாய். காது இரண்டும் தரையில் புரளும் அளவுக்கு நீளம். குழந்தைகள் குளிக்கிற பிளாஸ்டிக் தொட்டியில் வயிற்றை வைத்துக்கொண்டு, நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மிஸ்டர் ஹாக்மன் அதன் தலைக்குமேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய வழுக்கைத் தலை வெயிலில் சிவந்திருந்தது.

மாரிட் டிஷ்ஷை ஒரு நிமிடம் மறந்துபோனாள்.

“மிஸ்டர் ஹாக்மன், அது பேரு என்ன?”

“கவர்னர்” என்றார் அவர். “பதிமூணு வயசு. சொன்னா எதையும் கேக்க மாட்டார், அதான் அந்தப் பேரு.”

“வெயில் தாங்கலையா?”

“என்ன பண்றது பாப்பா? நான் வரும்போது இந்த ஒரு இடம்தான் மிஞ்சியிருந்துது.”

“கவர்னர எங்க நிழல்ல படுக்க வைக்கலாமே!”

“ஐயையோ, வேண்டாம் வேண்டாம். உங்களுக்குத் தொந்தரவு.”

மினசோட்டா மாநிலத்துக்காரர்கள் எதற்கும் முதலில் வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாவது தடவை கேட்டால்தான் மனசில் இருப்பது வெளியே வரும். மாரிட் அங்கேயே பிறந்தவள். விரலை மடக்கி எண்ணிக்கொண்டாள்.

“தொந்தரவே இல்ல. நிறைய நிழல் சும்மாதான் கிடக்கு.”

“பரவால்ல பாப்பா. இன்னும் நாலு மணி நேரத்துல வெயில் எறங்கிடும்.” கோடையில் அங்கே சூரியன் மறைய ஒன்பது மணி ஆகும்.

“நாலு மணி நேரமா! மரத்தடி நல்லா சில்லுனு இருக்கு. பைன் இலை மெத்த மாதிரி கிடக்கு. வாங்களேன்.”

மிஸ்டர் ஹாக்மன் குடையை மடக்கினார். “நீ இவ்வளவு சொல்றதால...” என்றார். அடுத்த நொடி மஞ்சள் கயிற்றை அவிழ்த்துவிட்டார். “உண்மையச் சொல்லட்டுமா? ரெண்டு நாளா உங்க நிழலத்தான் பாத்துட்டு இருக்கேன். அடுத்தவங்க இடமாச்சே, எப்படிக் கேக்குறதுன்னு பேசாம இருந்துட்டேன்.”

கவர்னரை எழுப்புவது லேசாக இல்லை. முன்பக்கம் அவர் இழுத்தார், பின்பக்கம் மாரிட் தள்ளினாள். கவர்னர் ஐந்து அடி நடந்து, ஓய்வெடுத்து, மறுபடி ஐந்து அடி நடந்தார். மரத்தடிக்கு வந்ததும் பொத்தென்று விழுந்து, நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

மிஸ்டர் ஹாக்மன் நிமிர்ந்தபோது டிஷ் அவர் கண்ணில் பட்டது.

“இது ஏன் மரத்தப் பாத்து முறைச்சுட்டு நிக்குது?”

மாரிட் சொன்னாள். அம்மா, ஆறரை மணி, வரைபடம், தன் தவறு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

“என் புல்லுல கொண்டுபோய் வையேன்” என்றார் அவர்.

மாரிட்டின் நெஞ்சு துள்ளியது. ஆனால் உடனே சரி என்பது மரியாதை ஆகாது.

“வேண்டாம் மிஸ்டர் ஹாக்மன், உங்களுக்குத் தொந்தரவு.”

“தொந்தரவு என்ன இருக்கு? வை.”

“பரவால்ல...” என்று இழுத்தாள் மாரிட். மூன்றாவது தடவை அவர் கேட்காமல் போய்விட்டால்?

மிஸ்டர் ஹாக்மன் தலையைச் சொறிந்தார். நாயைப் பார்த்தார். ஏரியைப் பார்த்தார்.

“இல்ல, நான் என்ன சொல்றேன்னா—”

“சரி, ரொம்ப நன்றி!” என்று கத்திக்கொண்டே மாரிட் முக்காலியைத் தூக்கிவிட்டாள்.

மணி ஐந்து ஐம்பது.

அப்பா டிவியைக் கொண்டுவந்து மரத்தடி மேசையில் வைத்தார். கேபிள் மரங்களுக்கிடையே பாம்புபோல் ஓடி, மஞ்சள் கயிறு இருந்த இடத்தைத் தாண்டிப் பதினைந்தின் புல்லை எட்டியது. இரண்டடிதான் மிச்சம் இருந்தது. டிஷ்ஷோடு வந்த பெட்டியில் முகாமின் அஞ்சல் எண்ணைக் கொடுத்ததும் டிவி இரண்டு எண்களைக் காட்டியது. ஒன்று திசை, இருநூற்றுப் பதினொன்று. இன்னொன்று டிஷ் எவ்வளவு நிமிர்ந்திருக்க வேண்டும் என்பது, முப்பத்து மூன்று. மாரிட் இரண்டையும் குறித்துக்கொண்டாள். திசைகாட்டியைப் பார்த்து டிஷ்ஷைத் திருப்பி வைத்தாள்.

“எவ்வளவு வருது?” என்று கத்தினாள்.

“பூஜ்யம்!” என்று டிவி முன்னாலிருந்து நெல்ஸ் கத்தினான்.

அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாம் முறையும் அளந்தாள்.

“இப்போ?”

“பூஜ்யம்! கொழுக்கட்ட மாதிரி பெரிய பூஜ்யம்!”

மணி ஆறு பத்து. ஆட்கள் மடக்கு நாற்காலிகளோடு வர ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவர் உருளைக்கிழங்கு சாலட் கொண்டுவந்தார், ஒருவர் சாக்லேட் துண்டுகள்.

“நான் வேணா பாக்கட்டுமா?” என்றார் அப்பா.

“நான் எழுதினதுதான் தப்பா இருக்கும்” என்றாள் மாரிட். குறிப்பேட்டைத் திறந்தாள். இல்லை, எண் சரியாகத்தான் இருந்தது. அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்க வேண்டும். கீழே பார்த்தாள்.

அவள் நின்றிருந்தது, விறகு எரிப்பதற்கென்று ஒவ்வொரு இடத்திலும் பதித்திருக்கும் பெரிய இரும்பு வளையத்தின் பக்கத்தில்.

“இரும்பு!” என்றாள். வகுப்பின் முதல் நாளே சொல்லிக்கொடுத்தது. பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் அதன் பக்கம் சாய்ந்துவிடும். வளையத்தை விட்டுப் பத்து எட்டு தள்ளிப்போய் நின்றாள். முள் மெதுவாக நகர்ந்து வேறொரு இடத்தில் நின்றது. இப்போது இருநூற்றுப் பதினொன்று காட்டிய திசையில், ஏரியின் மறுகரையில் ஒரு வெள்ளைப் படகுத்துறை தெரிந்தது. அதையே அடையாளமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

டிஷ்ஷைப் படகுத்துறையின் பக்கமாக, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

“பூஜ்யம்! பூஜ்யம்! பன்னண்டு! அக்கா, பன்னண்டு! நாப்பது! அறுவத்தேழு! தொடாத! தொடாத! கைய எடு! மூச்சு விடாத!”

மரத்தடியில் கைதட்டல் எழுந்தது. மணி ஆறு இருபத்தெட்டு. மாரிட் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது.

திரையில் அம்மா நின்றாள். சர்ச்சுக்குப் போட்டுக்கொள்ளும் நீலச் சட்டை. முதல் கேள்விக்குச் சரியாகச் சொன்னாள். இரண்டாவது, மூன்றாவது எல்லாம் சரி. எட்டு கேள்வி ஆயிற்று. நாற்காலிகள் எல்லாம் முன்னால் நகர்ந்தன. உண்மையான அம்மாவோ எல்லாருக்கும் பின்னால் நின்று, முகத்தைத் துண்டால் பாதி மூடிக்கொண்டிருந்தாள்.

“கடைசிக் கேள்வி” என்றார் நிகழ்ச்சிக்காரர். “இதுக்குச் சரியாச் சொன்னா நீங்கதான் வெற்றியாளர். உங்க ஊர்க் கேள்விதான். மினசோட்டாவுல பத்து ஏக்கருக்கு மேல பரப்புள்ள ஏரிகள் எத்தனை? பத்தாயிரத்துக்குப் பக்கமா, பன்னண்டாயிரத்துக்குப்—”

டங்! திரையிலிருந்த அம்மா மணியை அடித்துவிட்டாள்.

“பத்தாயிரம்!”

“பத்தாயிரம்!” என்று மரத்தடியில் அத்தனை பேரும் கூடவே கத்தினார்கள்.

“அடடா, தப்பு” என்றார் நிகழ்ச்சிக்காரர். “பதினோராயிரத்து எண்ணூத்தி நாப்பத்திரண்டு.”

பிறகு ஒவ்வொருவராகத் திரும்பி, வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தார்கள். ஒவ்வொரு வண்டியின் எண் பலகையிலும் மாநிலத்தின் பட்டப்பெயர் எழுதியிருந்தது: பத்தாயிரம் ஏரிகளின் நாடு.

“என் வண்டியிலயும் அதானே போட்டிருக்கு!” என்றார் மிஸ்டர் ஹாக்மன். “முப்பது வருஷமா பொய்ய ஒட்டிக்கிட்டுல்ல சுத்தியிருக்கேன்!”

சிரிப்பு வெடித்தது. கவர்னர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். திரையில் அம்மாவும் தன் தலையில் தானே தட்டிக்கொண்டு சிரித்தாள். பக்கத்தில் நின்ற இன்னொரு போட்டியாளர்தான் ஜெயித்தார்; அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

உண்மையான அம்மா துண்டை எடுத்துவிட்டு வந்து மாரிட்டின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்பாடா!” என்றாள். “நாலு மாசமா நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருந்துச்சுடி. தினமும் பஸ்ஸுக்கு முன்னால நின்னு அந்தப் பலகையப் பாக்கும்போதெல்லாம் அத ஒரு ஒத ஒதைக்கணும்னு தோணும்.”

“அப்போ டிஷ் வராட்டி விடுன்னு சொன்னது?”

“வராம இருந்தா நல்லதுன்னு கொஞ்சம் நெனச்சேன். ரொம்ப இல்ல. கொஞ்சம்.” அம்மா அவள் தோளில் கையைப் போட்டாள். “இப்ப வந்ததுதான் நல்லதாப் போச்சு.”

“எல்லாருமே பத்தாயிரம்னுதாம்மா சொன்னாங்க. நானும்.”

“எனக்கும் கேட்டுச்சு” என்றாள் அம்மா. இருவருக்கும் மறுபடி சிரிப்பு வந்துவிட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே மாரிட் குறிப்பேட்டைத் திறந்தாள்.

ஜூலை 18, வெள்ளி.
இன்றைய தவறு: இரும்பு வளையத்தின் பக்கத்தில் நின்று திசை பார்த்தேன். அளவு: சிறியது. (அடிக்கவில்லை.)
அம்மாவின் தவறு: 1,842 ஏரிகள்.
நாளைய வேலை: காலை எட்டு மணிக்குக் கவர்னருக்குத் தண்ணீர் வைப்பது. பிறகு அம்மாவும் நானும் படகில் போய் ஏரிகளை எண்ண ஆரம்பிப்பது. இதுவரை எண்ணியது: ஒன்று.