விஞ்சுப் பெட்டியில் இரண்டாவது ஆள்

கழுகுப்பள்ளத்தில் பாண்டியராஜன் வந்து இறங்கியபோது மணி நான்குகூட ஆகவில்லை. ஆனாலும் ஐப்பசி மேகம் மலைமேல் கவிந்து கிடந்ததால் பொழுது சாய்ந்துவிட்ட மாதிரி இருந்தது. எழுமலையிலிருந்து வரும் மினிபஸ் அடிவாரத்து டீக்கடையோடு திரும்பிவிடும். அதற்கப்பால் மண்தடம். தடம் முடிகிற இடத்தில் பள்ளம். அடியில் ஆறு ஓடுகிற சத்தம் கேட்குமே தவிர, தண்ணீர் கண்ணுக்குத் தெரியாது. கரைக்குக் கரை இழுத்துக் கட்டிய இரும்புக் கயிறும் அதில் தொங்கும் பெட்டியும்தான் விஞ்சு. ரோப் கார் என்று சொல்ல ஊர்க்காரர்களுக்கு வாய் வராது. அவர்களுக்கு அது அன்றும் விஞ்சு, இன்றும் விஞ்சு.

அந்த விஞ்சின் சரித்திரத்தை எழுதத்தான் அவன் வந்திருந்தான். எழுத என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். கடைசி அத்தியாயம் தவிர மற்றதெல்லாம் மூன்று நோட்டுகளில் எழுதி முடிந்து அவனுடைய பைக்குள் இருந்தது. எழுதியவன் அழகுபாண்டி.

இருவரும் மதுரை கே.கே. நகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். பாண்டியராஜன் சரித்திர வாத்தியார், அழகுபாண்டி கணக்கு வாத்தியார். கணக்கு வாத்தியாருக்குச் சரித்திரத்தில் என்ன வேலை என்று யாராவது கேட்டால் அழகுபாண்டி சிரிப்பான், பாண்டியராஜனுக்கு வயிறு எரியும். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் கிடந்த காலத்திலிருந்தே அப்படித்தான். பரீட்சையில் முதல் ஆள் அழகுபாண்டி. வேலையில் முதலில் சேர்ந்தவன் அழகுபாண்டி. விஞ்சைப் பற்றிப் புத்தகம் எழுதினால் என்ன என்று பாண்டியராஜன் ஒருநாள் வாய்விட்டுச் சொன்னான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே அழகுபாண்டி நோட்டோடு பஸ் ஏறிவிட்டான். "நீ யோசிச்சுக்கிட்டே இரு மாப்ள, நான் போய்ப் பாத்துட்டு வாரேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னதை இவன் இரண்டு வருஷமாக மறக்கவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்பு, இந்த ஊரிலிருந்து திரும்பும்போது, பஸ்ஸிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்தான் அழகுபாண்டி. உசிலம்பட்டி வருவதற்குள் உயிர் போய்விட்டது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவன் மனைவி முருகம்மாள் நோட்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தாள். "அண்ணே, இத அவரு பேருல போட்டுருங்க. அவருக்கு வேற ஒண்ணும் வேணாம்." பாண்டியராஜன் சரி என்று தலையாட்டினான். அன்று ராத்திரியே ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, 'கழுகுப்பள்ளத்து விஞ்சு' என்று எழுதி, அதன் கீழே தன் பெயரை மட்டும் எழுதிப் பார்த்தான். பார்க்க நன்றாக இருந்தது. செத்தவனுக்குப் புத்தகம் எதற்கு என்று மனசைத் தேற்றிக்கொண்டான்.

மிச்சமிருந்தது கடைசி அத்தியாயம். அக்கரையில் விஞ்சு ஓட்டும் கருத்தக்கண்ணனைப் பார்க்க வேண்டும். அழகுபாண்டி ஒருமுறைகூடப் பள்ளத்தைக் கடக்கவில்லை. உயரம் என்றால் அவனுக்குத் தலை சுற்றும். அந்த ஒன்றிலாவது தான் முதல் ஆளாக இருக்கலாம் என்பதுதான் பாண்டியராஜனின் கணக்கு.

டீக்கடை விருமாண்டி கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

"விஞ்சப் பத்தியா சார்? அதான் போன வாரமே ஒரு சார் வந்து எல்லாத்தையும் கேட்டு எழுதிட்டுப் போயிட்டாரே."

பாண்டியராஜனுக்கு டீ கசந்தது. எவன் அவன்? பத்திரிகைக்காரனா? பல்கலைக்கழகத்து ஆளா? இத்தனை நாள் காத்திருந்து கிடைத்ததை எவனோ ஒருத்தன் முந்திக்கொண்டு போவதா?

"எப்புடி இருந்தாரு?"

"மூக்குக்கண்ணாடிக்கு ஒரு பக்கம் நூல் கட்டியிருந்தாரு. நாம ஒண்ணு சொன்னா 'ம்... அப்புறம்?', 'ம்... அப்புறம்?'னு கேட்டுக்கிட்டே இருப்பாரு. கிட்ட வந்தா நீலகிரித் தைல வாடை."

பாண்டியராஜன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டான். சளிக்கு நெற்றியிலும் கழுத்திலும் நீலகிரித் தைலம் தேய்த்துக்கொண்டு வகுப்புக்கு வருகிற ஆளை அவனுக்குத் தெரியும். கண்ணாடியில் நூல் கட்டிவிட்டவனே இவன்தான்.

"போன வாரமா?" என்றான்.

"செவ்வாக்கெழம. மழை பேஞ்ச அன்னைக்கி."

பழைய ஞாபகத்தில் நாளை மாற்றிச் சொல்கிறான் என்று பாண்டியராஜன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் கால் தன்னால் வேகம் பிடித்து மண்தடத்தில் ஏறியது. அதைப் பயம் என்று சொல்ல முடியாது. தனக்கு முன்னால் யாரோ போய்விட்டான் என்கிற அந்தப் பழைய எரிச்சல்தான்.

இக்கரை விஞ்சை ஓட்டுகிறவள் பாண்டீஸ்வரி. நாற்பது வயதிருக்கும், புடவைமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள். இன்ஜின் கொட்டகையில் டீசலும் ஈர மரமும் கலந்து நாறியது. எதிரெதிரே இரண்டு பலகை போட்ட தகரப் பெட்டி கயிற்றில் ஆடிக்கொண்டு நின்றது.

விஞ்சு ஓடுகிற விதம் நோட்டிலேயே இருந்தது. இலவம்பஞ்சும் முந்திரியும் இறக்குவதற்காக ஒரு எஸ்டேட் முதலாளி போட்டது. கரைக்கு ஒன்றாக இரண்டு பழைய லாரி இன்ஜின். பெட்டி தன் பாரத்திலேயே நடுப்பள்ளம் வரை இறங்கும். இக்கரையில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விடுவார்கள். கயிறு தொய்கிற நடு இடத்தில் பெட்டி நின்றுவிடும். அங்கிருந்து அக்கரை இன்ஜின் இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் சும்மா இழுக்க மாட்டார்கள். அக்கரைக்காரன் "யாரு வாறது" என்று கேட்பான். பெட்டியில் இருக்கிற ஒவ்வொருவரின் பெயரும் அவன் காதில் விழுந்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்புவான். ஆரம்ப காலத்தில் ஒருமுறை பெட்டி கவிழ்ந்து, கூலிக்கு வந்த ஒருத்தன் ஆற்றில் விழுந்து போனான். அவன் யார், எந்த ஊர், யாரிடம் போய்ச் சொல்வது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. தூக்கிப் புதைத்த இடத்தில் ஒரு கல்லை நட்டு அதில் ஒன்றும் எழுதாமலே விட்டார்கள். பெயர் சொல்லாமல் யாரும் பள்ளத்தைக் கடக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து வந்த வழக்கம்.

பாண்டியராஜன் பெட்டியில் ஏறி உட்கார்ந்தான். பெட்டி அவன் பக்கமாகச் சாய்ந்தது. கொட்டகையில் மணல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. ஒற்றை ஆளாகப் போனால் எதிர்ப் பலகையில் பாரத்துக்கு ஒரு மூட்டை வைக்க வேண்டும் என்பதையும் அழகுபாண்டி எழுதியிருந்தான்.

"மூட்டைய வைக்கலையாம்மா?"

பிரேக் கம்பியைப் பிடித்தபடி பாண்டீஸ்வரி திரும்பிப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். எதிர்ப் பலகையையும் பார்த்தாள்.

"ரெண்டு பேரு இருக்கைல மூட்டை எதுக்கு சார்?"

பெட்டி சாய்வை விட்டு மெல்ல நிமிர்ந்து, மட்டமாக நின்றது.

அவன் எழுந்திருக்கப் பார்ப்பதற்குள் பிரேக் தளர்ந்துவிட்டது. கரை பின்னால் போனது. காலடியில் பலகை இடுக்கு வழியாகப் புகை மாதிரி மேகம் ஏறியது. ஆற்றின் சத்தம் கீழேயிருந்து வந்து காதை நிறைத்தது. எதிர்ப் பலகை காலியாகத்தான் இருந்தது. அது ஒரு முறை கிறீச்சிட்டது, ஆள் காலை மாற்றிப் போட்டு உட்காரும்போது கிறீச்சிடுமே, அப்படி.

நடுப்பள்ளத்தில் பெட்டி நின்றது.

நீலகிரித் தைலம் மணத்தது.

"யாரு வாறது?" அக்கரையிலிருந்து கருத்தக்கண்ணனின் குரல் நீட்டி வந்தது.

"பாண்டியராஜன்."

இன்ஜின் கிளம்பவில்லை.

"இன்னொரு ஆளு?"

"ஒருத்தன்தான் அண்ணே. நான் மட்டுந்தான்."

"ரெண்டு தலை தெரியுது சார். பேரச் சொல்லுங்க. சொல்லாம இழுக்க மாட்டேன்."

பாண்டியராஜன் பலகையை இறுகப் பிடித்துக்கொண்டான். பெயரைச் சொன்னால் இழுத்துவிடுவான். ஒரே ஒரு பெயர், ஆறெழுத்து. ஆனால் அதை இங்கே வாய்விட்டுச் சொல்லிவிட்டால் பிறகு அட்டையில் எப்படி மறைப்பது என்று அவன் மனசு யோசித்தது. உயிர் ஊசலாடுகிற இடத்தில்கூட அவனுக்கு அந்த வெள்ளைத்தாள்தான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷத்துப் பொறாமை அவ்வளவு லேசில் விடுமா? சொல்ல மாட்டேன் என்று பல்லைக் கடித்தான்.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

கயிறு மேலே எங்கோ ஒரு முறை முறுக்கிக்கொண்டது.

பெட்டி ஒரு சாண் கீழே இறங்கியது.

"அண்ணே, இழுங்க."

"பேரு சார்."

எதிர்ப் பலகையிலிருந்து மூச்சுக் காற்று அவன் முகத்தில் பட்டது. சளி கட்டிய மூச்சு. மிக அருகில், காதோடு காதாக, அவசரமே இல்லாத ஒரு குரல் கேட்டது.

"ம்... அப்புறம்?"

பெட்டி இன்னொரு சாண் இறங்கியது.

"அழகுபாண்டி" என்று அவன் கத்தினான். தொண்டை கிழிகிற மாதிரி மறுபடியும் கத்தினான். "பாண்டியராஜன், அழகுபாண்டி. ரெண்டு பேரு. ரெண்டு பேரும் வாறோம்."

அக்கரை இன்ஜின் உறுமியது.

பெட்டி கரை தொட்டதும் கருத்தக்கண்ணன் கைகொடுத்து அவனை இறக்கிவிட்டார். மறுபடியும் பெட்டிக்குள் கையை நீட்டினார். யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி அந்தக் கை தணிந்து நிமிர்ந்தது. "பாத்து எறங்குங்க சார், பலகை வழுக்கும்" என்றார். பிறகு கொட்டகைக்குள் போய் இரண்டு ஸ்டூல்களை எடுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலம் கருத்தக்கண்ணன் ஒரு மணி நேரம் பேசினார். பாண்டியராஜன் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் காலி ஸ்டூலைப் பார்த்துப் பேசுவார், நிறுத்துவார், தலையாட்டிவிட்டு, "அதுக்கப்புறமா? சொல்றேன்" என்று தொடர்வார். கூலிக்காரனைப் புதைத்த இடத்துக் கல் எங்கே இருக்கிறது என்பதை அவர் வெளியாள் யாருக்கும் சொன்னதில்லையாம். அதையும் சொன்னார். கேட்ட விதம் அப்படி. தான் கேட்டிருந்தால் சொல்லியிருக்க மாட்டார் என்பது பாண்டியராஜனுக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தவனுக்கு அந்தப் பயத்திலும் சுருக்கென்றது. அவன் திரும்பப் பெட்டியில் ஏறவில்லை. காட்டுவழியாகப் போன ஒரு ஜீப்பில் தொற்றிக்கொண்டு ஊரைச் சுற்றி மதுரைக்கு வந்து சேர்ந்தான்.

ஒரு வாரம் காய்ச்சல். காய்ச்சல் விட்டதும் கடைசி அத்தியாயத்தை எழுதினான். வெள்ளைத்தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் இரண்டு பெயர்களை எழுதினான். பாண்டியராஜன் முதலில், அழகுபாண்டி அடுத்து. பள்ளத்தில் சொன்ன வரிசையும் அதுதானே என்று நியாயம் வேறு கற்பித்துக்கொண்டான். முழுசாகக் கிடைக்காவிட்டாலும் முன்னால் நிற்கிற இடமாவது மிஞ்சட்டும்.

தை மாதம் புத்தகம் வந்தது. அச்சகத்தில் அன்று காலைதான் அட்டை ஒட்டி முடித்தார்கள். கட்டுகளை அவன் கண்ணெதிரில்தான் கட்டினார்கள். முதல் கட்டைத் தன் கையாலேயே பிரித்து, மேலே இருந்த பிரதியை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, நேரே முருகம்மாள் வீட்டுக்கு வண்டியை விட்டான். செத்தவன் வீட்டுக்கு முதல் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுப்பவன் தான் என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது.

முருகம்மாள் கதவைத் திறந்தாள். புத்தகத்தைப் பார்த்ததும் வாங்கக் கை நீட்டவில்லை.

"வந்துருச்சேண்ணே" என்றாள் மெதுவாக. "நேத்தே வந்துருச்சு."

உள்ளே போய் எடுத்துவந்தாள். அதே அட்டை, அதே புத்தகம். முதல் பக்கத்தைத் திறந்து காட்டினாள். இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. விடைத்தாள் திருத்தும்போது பக்கத்தில் உட்கார்ந்து முப்பது வருஷம் பார்த்த எழுத்து. 'முருகம்மாளுக்கு, முதல் பிரதி' என்று எழுதி நேற்றைய தேதி போட்டிருந்தது. அதன் கீழே, இவனுக்கென்றே எழுதிய மாதிரி இன்னொரு வரி.

'மாப்ள, அடுத்தது எழுத ஆரம்பிச்சுட்டேன்.'

பாண்டியராஜன் விரலை வைத்தான். மை பெருவிரலில் ஒட்டியது.

அவனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முன்னால் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல்தான் ஏறியது. வாய் தன்னால் திறந்து கேட்டுவிட்டது.

"எதப் பத்தி எழுதுறானாம்?"

முருகம்மாள் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அது தெரியலண்ணே. அவரு செருப்ப அந்த மூலையில அப்பிடியே வச்சிருந்தேன். விடியக்காலம் கோலம் போட வந்து பாத்தா, அதக் காணோம்."