ஈரம் காயாத பொம்மைகள்

ரப்பர் வளையத்தில் பல் பதிந்திருந்தது.

பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பகலெல்லாம் அடுத்தவர் வாயின் அச்சைப் பார்த்துப் பார்த்துப் பல்செட் செய்துவிட்டு, முதுகு ஒடிய வீடு திரும்பியவள், பாத்ரூமில் முக்காலி போட்டு உட்கார்ந்து, சோப்புத் தண்ணீரில் ஊறிய, வளர்ப்பு நாய் குண்டனின் பொம்மைகளை ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அதைக் கவனித்தாள். குண்டனுக்குப் பல்லே கிடையாது. ஈறு அழுகி, போன மாதம்தான் நாய் டாக்டர் எல்லாவற்றையும் பிடுங்கியிருந்தார்.

"புண் ஆறுற வரைக்கும் பொம்மையெல்லாம் சுத்தமா இருக்கணும். கிழிஞ்சத குடுத்துடாதீங்க, முழுங்கி வைக்கும்" என்று சொல்லியிருந்தார். அதனால் எவ்வளவு அலுப்பானாலும் சாயங்காலம் இந்த வேலை உண்டு. பழைய பிரஷால் இடுக்கெல்லாம் தேய்க்க வேண்டும். தையல் விட்டிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். பிழிந்து மோந்து பார்க்க வேண்டும்.

வளையத்தை மோந்தாள். நாய் எச்சில் வாடை இல்லை. தூங்கி எழுந்த ஆளின், விளக்காத வாயின் வாடை.

வேலையிடத்தில் இருந்த கணவனுக்குப் போன் போட்டாள்.

"ஏங்க, குண்டனோட வளையத்த யாரோ கடிச்சிருக்காங்க."

"எலியா இருக்கும்."

"எலி இல்லீங்க. மனுஷப் பல்லு. முன்பல்லு நாலும் அப்படியே விழுந்திருக்கு."

அவன் சிரித்தான். "நாள் பூரா பல்லையே பாத்தா வேற என்ன தெரியும்? தூக்கிப் போட்டுட்டுப் படும்மா."

வாதாட அவளுக்குத் தெம்பில்லை. வளையத்தைக் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். துணி வாத்து. நேற்று அவள் போட்ட தையல் கடித்துப் பிரிக்கப்பட்டிருந்தது. உள்ளே பஞ்சு இல்லை.

முழுங்கித் தொலைத்துவிட்டதோ?

பதறி எழுந்து, ஈரக் கையோடு படுக்கையறைக்கு ஓடினாள். குண்டன் கதவுக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு வாரமாகவே அது கட்டிலடிக்குப் போவதில்லை. அவள் பார்க்கப் பொம்மைகளைத் தொடுவதும் இல்லை. வாய் வலி என்று நினைத்திருந்தாள். உட்கார்ந்து அதன் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். வழுவழுத்த ஈறு. ஒரு நூல்கூட இல்லை. உடம்பு மட்டும் வெடவெடவென்று நடுங்கியது. அதன் கண் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் பார்த்தது.

நறுக்.

ரப்பரை மெல்லும் சத்தம். நிதானமாக.

நறுக். நறுக்.

நின்றது.

கட்டிலடியிலிருந்து பந்து ஒன்று உருண்டு வந்தது. அவள் காலில் இடித்து நின்றது. ஈரம். வெதுவெதுப்பு. அதையும் கழுவ வேண்டுமே என்றுதான் முதலில் தோன்றியது. அவ்வளவு அலுப்பு. கை தானாகப் பந்தை எடுத்தது.

கட்டிலடி இருட்டுக்குள் மூச்சு வேகமானது.

குனிந்து பார்த்தாள்.

தரையில் ஊன்றிய இரண்டு கைகள். நகம் வெட்டிய, மனிதக் கைகள். அவற்றின் நடுவே ஒரு முகம், அவள் கையிலிருந்த பந்தையே பார்த்தபடி.

எறியப்போகிறாள் என்ற ஆசையில் திறந்த வாயோடு.