நெட்டை குடித்த தண்ணீர்

சாயங்காலத்தில் ஒரு வீட்டு அழைப்புமணியை யாராவது விடாமல் அழுத்தினால், எங்கோ தீப்பிடித்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். அத்தை வீட்டு வாசலில் நின்றவளுக்கு இரண்டாவது பிரச்சினை. கதவு திறந்த பிறகும் அவள் விரல் மணியை விட்டு வரவில்லை.

“மணியை விடும்மா, அது என்ன பாவம் பண்ணுச்சு? உள்ள வா,” என்றார் அத்தை.

அவர் தெருவுக்கே அத்தை. உண்மையில் மாடியில் குடியிருக்கும் மாப்பிள்ளை ஒருவருக்குத்தான் அத்தை. அந்த மனிதர் வீதி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக் கூப்பிட்டு அந்தப் பெயர் எல்லோர் வாயிலும் ஒட்டிக்கொண்டது. காப்பீட்டு நிறுவனத்தில் விபத்து விசாரணை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இடித்த வண்டிக்கும் எரிந்த கடைக்கும் யார் எப்படிப் பொய் சொல்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே தலை நரைத்தவர். மாப்பிள்ளை ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறார். ஆனால் பயிற்சிக்கு ஆள் வந்தால்கூட அவர் இவ்வளவு சந்தோஷப்பட மாட்டார். மாமியாரிடம் துப்புத் துலக்க ஒரு வழக்கு வந்தால்தான் அந்தச் சந்தோஷம். மணிச் சத்தம் கேட்டதும் ஒற்றைக் காலில் செருப்போடு படியிறங்கி வந்து நின்றார்.

வந்தவள் பக்கத்துத் தெரு நெட்டையின் மனைவி. நெட்டை பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். தலை கூரையில் இடிக்காமலிருக்கக் குனிந்தே ஓட்டுவார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள்.

“அவரு போதை மாத்திரை போடுறாருன்னு யூரின் டெஸ்ட்ல வந்திருச்சாம் அத்தை. தூக்கம் வராம இருக்கப் போடுவாங்களாமே, அந்த மாத்திரை. வண்டியில ஏறவே விடல. நாளைக்குக் காலையில விசாரணை. பேட்ஜைப் பிடுங்கிடுவாங்களாம்.”

“லாரி ஓட்டலாம், தண்ணி டேங்கர் ஓட்டலாம்,” என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார். “புள்ளைங்கள ஏத்துறதுக்குத் தனியா ஒரு பேட்ஜ் இருக்குல்ல, அதுதான் போயிடும். போதை டெஸ்ட்ல போன பேட்ஜ் திரும்பி வந்து நான் பார்த்ததில்ல.”

“மாப்பிள்ளை, ஆறுதல் சொல்றதுல உங்கள மிஞ்ச ஆளில்ல,” என்றார் அத்தை. பிறகு அவள் பக்கம் திரும்பி, “உன் வீட்டுக்காரர் மாத்திரை போடுவாரா?” என்று கேட்டார்.

“தலைவலி மாத்திரைக்கே என்கிட்ட கேட்டுட்டுத்தான் போடுவாரு. ஒன்பது மணி அடிச்சா குறட்டை. தூங்காம இருந்து என்ன செய்யப்போறாரு? எங்க அண்ணன் அதே ஷெட்லதான் ஓட்டுது. அதுதான் இவர அங்க சேர்த்துவிட்டதே. இப்ப அதுகூட, ‘விடு, எதிர்த்துப் பேசிட்டு நிக்காதீங்க, நான் லாரியில சேர்த்துவிடுறேன்’னுது. அவமானமா இருக்கு அத்தை. தெருவுல ஒவ்வொருத்தரும் என் மூஞ்சியையே பார்க்குறாங்க.”

பார்க்கத்தான் செய்தார்கள். அவள் அத்தை வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்து எதிர்வீட்டு ஜன்னல் திரைகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தன.

அவர்கள் போனபோது நெட்டை தன் வீட்டில் உட்காராமல் நடந்துகொண்டிருந்தார். அந்தச் சின்னக் கூடத்தில் அவருடைய காலுக்கு இரண்டு எட்டு வைப்பதற்குள் சுவர் வந்துவிடும். திரும்புவார், அடுத்த சுவர். பார்க்கிறவருக்குத் தலை சுற்றியது.

“அன்னைக்கு நடந்ததை முதல்லேருந்து சொல்லுப்பா,” என்றார் அத்தை.

“சாயங்கால டிரிப்புக்கு முன்னாடி திடீர்னு வந்தாங்க. எங்க டிரைவருங்கள்ல மூணு பேரை எடுத்தாங்க. மச்சான், ஓயாம பாடிட்டே ஓட்டுவாரே அந்தப் பாட்டுக்காரர், நான். கொடுத்தோம். வந்தோம்.”

“கொடுத்தீங்க, வந்தீங்க. நடுவுல?”

நெட்டை மனைவியைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார். அத்தை அவளை ஒரு செம்புத் தண்ணீருக்கு அனுப்பினார். அவள் சமையலறைக்குள் போனதும் நெட்டை குரலைத் தாழ்த்தினார்.

“முதல் தடவை எனக்கு வரலைங்க.”

“என்ன வரல?” என்றார் மாப்பிள்ளை.

“அதாங்க. உள்ள போனா தொட்டித் தண்ணி நீலமா இருக்கு. குழாயில டேப் சுத்தியிருக்கு. கதவுக்கு வெளிய டெஸ்ட் எடுக்குற பொண்ணு நிக்குது. எப்படிங்க வரும்?”

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க இருமினார். “அது விதி அத்தை. யாரும் தண்ணியைக் கலந்து ஏமாத்தக் கூடாதுன்னு தொட்டியில நீலச்சாயம் ஊத்துவாங்க. குழாயை அடைச்சுடுவாங்க. பாக்கெட்டுல இருக்குற சாவி, போன் எல்லாத்தையும் வெளிய ஒரு தட்டுல வெச்சுட்டுத்தான் போகணும்.”

“அப்புறம்?”

“வெறும் டப்பாவோட வெளிய வந்தேன். மத்த ரெண்டு பேரும் எனக்கு முன்னாடியே கொடுத்துட்டு வெளிய போயாச்சு. அந்தப் பொண்ணு ஆபீஸ்லேருந்து ஒரு தண்ணி கேனைத் தூக்கிட்டு வந்து வெச்சுது. குடிச்சேன் பாருங்க, வயிறு மத்தளமாயிடுச்சு. அப்புறம்தான் வந்துது. மேஜையில வெச்சுட்டு ஓடிட்டேன்.”

“குப்பியில ஊத்தி, மூடி, ஸ்டிக்கர் ஒட்டுறதப் பார்க்காமலா?”

நெட்டை நடப்பதை நிறுத்தினார். அதுவே பதில்.

“மூடி மேல உன் கையெழுத்து இருக்கணுமே?”

“முன்னாடியே போட்டு வெச்சுட்டோங்க. மூணு பேருமே. ஸ்கூல் மணி அடிக்கிறப்போ வண்டி கேட்டுல நிக்கலைன்னா அம்மாமாருங்க எங்கள உயிரோட விடமாட்டாங்க. டெஸ்ட்டெல்லாம் அப்புறம்தான். ஆளுக்கொரு ஸ்டிக்கர்ல கையெழுத்துப் போட்டு மேஜையில வரிசையா வெச்சோம். அவங்கவங்க டப்பாவை அவங்கவங்க ஸ்டிக்கர் பக்கத்துல வெச்சுட்டு ஓடவேண்டியதுதான்.”

அத்தை கண்ணை மூடிக்கொண்டார். மூடியை ஒட்டிய பிறகு, கொடுத்தவர் தன் கண்ணால் பார்த்து, அந்த ஸ்டிக்கர் மேல் கையெழுத்துப் போடவேண்டும் என்பதுதான் அந்தச் சோதனைக்கே உயிர். போதைக்குப் பயப்படாதவர்கள், போலீசுக்குப் பயப்படாதவர்கள்கூட அம்மாமார்களுக்குப் பயந்து அந்த உயிரை எடுத்துவிட்டார்கள்.

தெருவில் இறங்கியதும் மாப்பிள்ளைக்குக் கை துறுதுறுத்தது. “பாட்டுக்காரர்தான் அத்தை! சிக்னல்ல நிக்கும்போதே தூங்குவார். நானே ஹாரன் அடிச்சு எழுப்பியிருக்கேன்.”

“தூங்குற ஆளு எதுக்கு மாப்பிள்ளை தூக்கம் வராத மாத்திரை போடணும்?”

“வேலை செய்யாத மாத்திரையா இருக்கும்.”

அத்தை போனை எடுத்து, சோதனை எடுத்த பெண்ணின் எண்ணை எப்படியோ பிடித்தார். பேசி முடித்ததும், அவளையும் மற்ற எல்லோரையும் காலையில் முதல் டிரிப்புக்கு முன்னால் ஷெட்டுக்கு வரச் சொன்னார்.

பேருந்து ஷெட்டில் காலையில் மனிதர்கள் பேசிக்கொள்ள முடியாது. கத்தத்தான் வேண்டும். மஞ்சள் வண்டிகள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. டீசல் புகையில் தொண்டை கரகரத்தது. ஓட்டுநர்கள் ஓய்வெடுக்கும் அறையில், ஒருபக்கம் கழிவறைக் கதவும் மறுபக்கம் நீள மேஜையுமாக இருந்த இடத்தில், அத்தை எல்லோரையும் உட்கார வைத்தார். யாரும் நிலையாக உட்காரவில்லை. பாட்டுக்காரர் விரலால் தாளம் போட்டார். மீசைக்காரர், அதாவது நெட்டையின் மச்சான், சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். வண்டி மேலாளர் வாட்சையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். சோதனைப் பெண் நகத்தைக் கடித்தாள்.

“சீக்கிரம் முடிங்கம்மா, வண்டி கிளம்பணும்,” என்றார் மேலாளர்.

“அந்தச் சீக்கிரத்துலதான் சார் எல்லாம் கெட்டுச்சு,” என்றார் அத்தை. “ஏம்மா, கடைசி டப்பா வந்ததும் நீ என்ன பண்ணினே?”

“கழிவறையைப் பார்க்கப் போனேன்,” என்றாள் அந்தப் பெண். “யார் போயிட்டு வந்தாலும் உள்ள போய்ப் பார்க்கணும். தண்ணி நீலமா இருக்கா, டேப் பிரிஞ்சிருக்கான்னு.”

“அப்போ மூணு டப்பாவும் மேஜையில திறந்து கிடந்துச்சு.”

அவள் கண் கலங்கியது. “ஆமா. தப்புதான். ஆனா கொஞ்ச நேரம்தான்.”

“நீ வெளிய வர்றப்போ யாரு இருந்தாங்க?”

“ரெண்டு பேரும் இருந்தாங்க. அவர் போனை எடுக்க வந்தாராம்,” என்று பாட்டுக்காரரைக் காட்டினாள். “இவர் சாவி எடுக்க.” மீசைக்காரரின் சாவிக்கொத்து சுழல்வது நின்றது.

“நான் கதவுகிட்ட வர்றப்பவே இவர் உள்ள இருந்தாருங்க!” என்று பாட்டுக்காரர் பாய்ந்தார்.

“நீ முதல்ல இருந்தே, நான் முதல்ல இருந்தேன்னு சண்டை போடாதீங்க. எனக்கு அது வேண்டியதில்ல,” என்று அத்தை போனை மேஜைமேல் வைத்தார். “குப்பிகளைப் பெட்டியில அடுக்கி அனுப்புறதுக்கு முன்னாடி இந்தப் பொண்ணு எடுத்த போட்டோ இது. பெயர் தெரியுது. நிறமும் தெரியுது. மாப்பிள்ளை, பார்த்துச் சொல்லுங்க.”

மாப்பிள்ளை குனிந்தார். “பாட்டுக்காரரோடது சாதாரணமா இருக்கு. நெட்டையோடது ஆறிப்போன தேநீர் மாதிரி கருத்திருக்கு. மீசைக்காரரோடது... பச்சைத் தண்ணி மாதிரி.” நிமிர்ந்தார். “போதை மாத்திரைனாலதான் கருத்திருக்கு அத்தை!”

“மாத்திரையை விடுங்க. ஒரு கேன் தண்ணியைக் குடிச்சு வயிறு மத்தளமான மனுஷனுக்கு எப்படிய்யா தேநீர் வரும்?”

வெளியே யாரோ ஆக்சிலரேட்டரை மிதித்தார்கள். தன் ரகசியம் சபைக்கு வந்துவிட்ட வெட்கத்தில் நெட்டை தரையைப் பார்த்தார்.

“இதென்ன பெரிய விஷயம்?” மீசைக்காரர் சிரித்தார். “வெயில் காலம். அன்னைக்கு நானும்தான் குடிச்சேன். அந்தக் கேன்லேருந்துதான்.”

“எந்தக் கேன்?”

“அதோ அங்க வெச்சிருந்துச்சே, அந்தக் கேன்தான்.”

“உள்ள போறதுக்கு முன்னாடியா குடிச்சீங்க?”

“பின்ன? முன்னாடிதான்.”

அத்தை சோதனைப் பெண்ணைப் பார்த்தார். அவள் மெதுவாகத் தலையாட்டினாள். “கேன் அப்போ இங்க இல்லைங்க. இவர் கொடுத்துட்டு வெளிய போன பிறகு, நெட்டை சாருக்காகத்தான் ஆபீஸ்லேருந்து தூக்கிட்டு வந்தேன்.”

மீசைக்காரர் சாவிக்கொத்தை இறுகப் பிடித்தார்.

“வீட்டுல குடிச்சேன்னு சொல்லியிருந்தா எனக்குக் கஷ்டமா போயிருக்கும்,” என்றார் அத்தை அமைதியாக. “ஆனா சாவி எடுக்க வந்தப்போ அந்தக் கேனைப் பார்த்திருக்கீங்க. அது எப்பவும் இங்கதான் இருக்கும்னு நினைச்சுட்டீங்க. ரெண்டு டப்பாவை இடம் மாத்த ஒரு நொடி போதும். ஸ்டிக்கர்ல கையெழுத்து ஏற்கெனவே தயார். அந்தப் பொண்ணு வந்து எந்த டப்பா பக்கத்துல எந்த ஸ்டிக்கர் இருந்துச்சோ அதை ஒட்டிட்டா. பாட்டுக்காரர் வேணும்னா பாட்டால கொல்லுவார், இதுல அவருக்குப் பங்கில்ல. அவர் குப்பி அவர் குப்பியாவே இருக்கு. லேப்ல ஒவ்வொருத்தர் மாதிரியிலயும் பாதியைத் தனியா பூட்டி வெச்சிருக்காங்க. அது யார் உடம்புலேருந்து வந்ததுன்னு பார்க்கச் சொல்லிக் கேட்க நெட்டைக்கு உரிமை இருக்கு. எதிர்த்துப் பேசாதீங்கன்னு நீங்க தங்கச்சிகிட்ட ஏன் சொன்னீங்கன்னு இப்ப புரியுது.”

இதுவரை கதவோரம் நின்றிருந்த நெட்டையின் மனைவி உள்ளே வந்தாள்.

“அண்ணே?”

மீசைக்காரர் சாவியை மேஜைமேல் வைத்தார். “ராத்திரியில சரக்கு வண்டி ஓட்டுறேன்மா. ஸ்கூல் வண்டி ஓட்டுறவன் அதை ஓட்டக் கூடாது, தெரியும். பகல்ல கண்ணு சொருகுது. அதுக்குத்தான் அந்த மாத்திரை. அன்னைக்கு மாட்டிக்குவேன்னு தெரிஞ்சுபோச்சு. இவன் சின்ன வயசுக்காரன், லாரியில கூடப் பொழைச்சுக்குவான். எனக்கு இந்த வயசுல யாரு வேலை கொடுப்பா? அதான்... நானே அவனை லாரியில சேர்த்துவிடுறேன்னு சொன்னேனே...”

“மச்சான்,” என்றார் நெட்டை.

அவள் அழவில்லை. அண்ணன் முகத்துக்கு நேரே வந்து நின்றாள். புருஷனின் பேட்ஜைப் பற்றிக் கேட்கப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“இன்னைக்கு மாத்திரை போட்டுட்டியா?”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என் புள்ளை உன் வண்டியிலதானே அண்ணே போறான். முன் சீட்டுல உட்கார்ந்து மாமா மாமான்னு உன்கிட்ட பேசிட்டே போவான். கண்ணு சொருகுற ஆளுகிட்ட.”

மேலாளர் வாட்சைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுப் போனை எடுத்து, மாற்று ஓட்டுநருக்காக யாரிடமோ கத்த ஆரம்பித்தார். மாப்பிள்ளை போட்டோவில் இருந்த குப்பிகளையே வெறித்தார். வெற்றி இப்படி இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும்.

மீசைக்காரர் எழுந்தார். வயது ஒரே காலையில் கூடிவிட்டது போலிருந்தது. “விசாரணைக்கு நானே வர்றேன். நானே சொல்லிடுறேன். அவன் பேட்ஜ் அவன்கிட்டயே இருக்கட்டும். வாங்க, நேரமாச்சு, என் பைக்ல முன்னாடி போயிடுறேன்.” பழக்க தோஷத்தில் கை மேஜையிலிருந்த சாவிக்கொத்துக்குப் போனது.

அவள் அதற்கு முன் அதை எடுத்துவிட்டாள்.

“நீ ஓட்ட வேணாம் அண்ணே,” என்றாள். “நடந்து வா. நானும் கூட நடந்து வர்றேன்.”