உள்ளே ஓர் ஆள் அதிகம்

"ஏணியை எடுத்தது யாரு?"

குரல் கூரையிலிருந்து வந்தது.

அவள் திடுக்கிட்டு அண்ணாந்தாள். உத்தரத்திலிருந்து இரண்டு கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. கால்களுக்கு மேல் ஒரு நீலச் சட்டை. சட்டைக்கு மேல்... இரண்டு கண்கள். மழைக்கு முந்தைய வானம் மாதிரி கறுத்து, குளிர்ந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நான்தான் எடுத்தேன். வழியில நின்னுச்சு."

"மேல ஒரு மனுஷன் இருக்கானேன்னு பார்க்க வேணாமா மேடம்?"

"சத்தம் போட்டிருக்கலாமே?"

"ரெண்டு தடவை போட்டேன். நீங்க அந்தப் படத்தோட பேசிட்டிருந்தீங்க."

கன்னம் சுட்டது அவளுக்கு. உண்மைதான். மறுநாள் பார்வையாளர்களுக்குச் சொல்லப்போகும் விளக்கத்தை, சுவரில் மாட்டிய புகைப்படத்தின் முன் நின்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். நாலே அறைகள் கொண்ட அந்தக் கலை அருங்காட்சியகத்துக்கு அவள்தான் காப்பாளர். நடத்துவது ஊர்மக்கள் சங்கம். சங்கத் தலைவர், அவளுடைய தாய்மாமன். ஆண்டுக்கு ஆறு கண்காட்சி. இது முதலாவது, ஊர்க்காரர்களே எடுத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். அவன், விளக்குகள் பொருத்த வந்தவன்.

ஏணி வந்தது. இறங்கியவன் புகைப்படத்தையே பார்த்தான்.

"இந்தம்மா முகத்துல இடது பக்கம் இருட்டா இருந்தாத்தான் நல்லாயிருக்கும். ஏதோ மறைக்கிறாங்க..."

"நீங்க லைட்டை மட்டும் பாருங்க. படத்தைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் ஏணியை மடக்கினான். கண்களில் இருந்த சிரிப்பு மட்டும் அணைந்துபோனது.

'திமிர் பிடிச்சவளே...' என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

மறுநாள் மாலை ஆறு மணிக்குத்தான் அது தொடங்கியது.

வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பவள் வாசல் அக்கா. வலக்கையில் ஓர் எண்ணும் கருவி, உள்ளே வருகிறவர்களுக்கு. இடக்கையில் இன்னொன்று, வெளியே போகிறவர்களுக்கு. இரண்டும் ஒத்துப்போகாமல் கட்டிடத்தைப் பூட்டக்கூடாது என்பது சங்கத்தின் விதி.

"உள்ளே எண்பத்தி நாலு. வெளியே எண்பத்தி மூணு," என்றாள் அக்கா.

"தெரிஞ்ச முகம்னு எண்ணாம விட்டுட்டீங்களாக்கா?"

"முகத்தை யாரு பார்த்தா? முகத்தைப் பார்த்தா பேச்சு வரும், பேச்சு வந்தா கணக்கு போயிடும். நான் காலை மட்டும்தான் பார்ப்பேன். ஒரு ஜோடி கால் உள்ளே இருக்கு தங்கச்சி."

அவள் தனியாகத் தேடினாள். முதல் அறை. இரண்டாவது. மூன்றாவது. கறுப்பு வெள்ளை முகங்கள் ஒவ்வொன்றும் அவளைத் தாண்டி, அவளுக்குப் பின்னால் யாரையோ பார்த்தன. நாலாவது அறையில் யாருமில்லை. பின்கதவு சாத்தியே இருந்தது.

யாருமே இல்லை.

மாமா போனில் சொன்னார்: "வெளியே மூச்சு விடாதே. தெரிஞ்சா ஒரு ஈ காக்கா வராது."

இரண்டாவது கண்காட்சி, நீர்வண்ண ஓவியங்கள். உள்ளே நூற்றிரண்டு. வெளியே நூற்றியொன்று. மூன்றாவது, உடைந்த கண்ணாடிகளால் செய்த சிற்பங்கள். அன்று தேடும்போது அவளுடைய உருவமே நாற்பது துண்டுகளாக அவளோடு நடந்தது. அதில் ஒரு துண்டு மட்டும் அவளுக்கு முன்னாலேயே நின்றுவிட்டதாகத் தோன்றியது. வாய் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஆறுதல், அந்த ஏணி.

"மேடம், இந்தச் சிற்பத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. லைட்டை எங்க வைக்கட்டும்?"

"குத்திக்காட்டாதீங்க. அன்னிக்கு ஏதோ வாய்தவறி..."

"வாய்தவறி வர்றதுதான் மனசுல இருக்கிறது."

"அப்போ உங்க மனசுல என்ன இருக்கு?"

அவன் ஒரு திருகாணியை முறுக்கினான். பிறகு அதே திருகாணியைத் தளர்த்தினான். அவளிடமும் ஒரு சொல் தொண்டையில் நின்றது... மன்னிப்பு. காப்பாளர் போய் லைட்காரனிடம் மன்னிப்பு கேட்பதா என்று ஒரு கர்வம் அதைக் கீழே தள்ளியது.

நாலாவது கண்காட்சி, துணிப் பொம்மைகள். வெளியே விடாத மழை. ஏணியோடு வந்தது வேறொருவர்.

"நான் அவன் மச்சான். அவனுக்குக் காய்ச்சல், எழுந்திருக்க முடியல."

அன்று முழுக்க அவள் காரணமில்லாமல் கூரையை அண்ணாந்து பார்த்தாள். தொங்கும் கால்கள் இல்லாத உத்தரம் எத்தனை வெறுமை!

மாலை ஆறு மணி. அக்காவின் முகம் வெளுத்திருந்தது.

"இன்னிக்கும் ஒண்ணு அதிகம். அந்தக் காலை எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு தங்கச்சி. வெறுங்கால். இத்தனை மழையிலயும் ஈரமே இல்ல. உள்ளே போச்சு... வரல."

பொம்மைகளின் பொத்தான் கண்களுக்கு நடுவே அவள் நடந்தாள். ஒரு மர நாற்காலியில் யாரோ இப்போதுதான் எழுந்துபோன வெதுவெதுப்பு. அவள் அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கக் கூடாது...

ஐந்தாவதிலும் ஒன்று அதிகம். மாமா நேரில் வந்தார்.

"கடைசித் தடவை. வருஷக் கடைசிக் கண்காட்சியிலயும் இதே கதைன்னா, கூட்டிப் பெருக்கிப் பூட்டிடுவேன். கட்டிடத்தைக் கிடங்குக்கு விட்டுடலாம்."

"மாமா, இதுதான் என் உயிர்..."

"உன் உயிர் போயிடக் கூடாதேன்னுதான் சொல்றேன்!"

ஆறாவது கண்காட்சி, 'முகங்கள்'. ஊரில் ஒவ்வொருவரும் தன் முகத்தைத் தானே வரைந்து கொண்டுவந்திருந்தார். சுவர் கொள்ளாமல் நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். நாலு மணிக்கு அவள் விளக்கம் சொன்னாள். ஆறு மணிக்கு மாமாவே இரண்டு கருவிகளையும் வாங்கிப் பார்த்தார்.

ஒன்று அதிகம்.

"முடிஞ்சது. சாவியைக் கொடு."

அவள் சாவியை நீட்டினாள். கை நீண்டதே தவிர விரல்கள் விடவில்லை.

"ஐயா... ஒரு நிமிஷம்."

நாலாவது அறையின் இருட்டிலிருந்து அவன் வந்தான். நீலச் சட்டை.

"அந்த அதிகப்படி ஆள் நான்தான்."

"நீ லைட் போடுறவனாச்சே?" என்றார் மாமா.

"காலையில லைட் வேலையைப் பின்கதவு வழியா வந்து முடிச்சுட்டுப் போயிடுவேன். சாயங்காலம் கூட்டத்தோட கூட்டமா முன்வாசல்ல வருவேன். போறப்போ பின்கதவு வழியாவே, அங்கதான் என் வண்டி நிக்கும். இழுத்துச் சாத்தினா தானா பூட்டிக்கிற கதவு. இப்படி எண்ணுறீங்கன்னு எனக்குத் தெரியாது. இப்போ போட்ட சத்தத்துலதான் தெரிஞ்சது."

"எதுக்குடா ஒளிஞ்சு வர்றே?"

அவன் தரையைப் பார்த்தான்.

"மேடம் நாலு மணிக்குப் பேசுவாங்க. எங்க இருட்டு விழும்னு லைட் போட்டவனுக்குத்தானே தெரியும். அங்க நின்னு கேட்பேன். படத்தைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்னு ஆரம்பிச்சேன். அப்புறம்... படம் ஒரு சாக்கு."

அக்கா முக்காலியிலிருந்து விழப் பார்த்தாள்.

"ஆறு தடவையும் நீதானா?" மாமா அழுத்திக் கேட்டார்.

ஒரு கணம். ஒரே கணம்.

"ஆறு தடவையும் நான்தான்."

அவள் சட்டென்று உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். வாயைத் திறந்தாள்... மூடிக்கொண்டாள்.

மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல, காதல் கிறுக்கு! சாவி உன்கிட்டயே இருக்கட்டும்மா." அக்காவையும் அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நூற்றுப் பன்னிரண்டு முகங்கள். இரண்டு பேர்.

"பொய் சொன்னீங்க," என்றாள்.

"எது?"

"பொம்மைக் கண்காட்சிக்கு நீங்க வரல. அன்னிக்கும் ஓர் ஆள் அதிகம்."

அவன் முகம் மாறியது. "அஞ்சு தடவைன்னு சொல்லியிருந்தா உங்க மாமா பூட்டியிருப்பாரு மேடம். உங்க உயிர் இதுன்னு எனக்குத் தெரியும். ஒரு பொய்தானே..." நிறுத்தினான். "நான் வரலைங்கிறது உங்களுக்கு எப்படி இவ்வளவு நிச்சயமா ஞாபகம்?"

"எப்படி மறக்கும்? அன்னிக்கு முழுக்க அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்தே பிடிச்சுக்கிச்சு."

அணைந்திருந்த சிரிப்பு அவன் கண்களில் மெல்ல, மெல்ல ஏறியது.

"முதல் நாள் அப்படிப் பேசினதுக்கு... மன்னிச்சுடுங்க," என்றாள். ஒரு வருடமாகத் தொண்டையில் நின்ற சொல். "அந்தப் படத்துல இருந்த அம்மா ஏதோ மறைக்கிறாங்கன்னு நீங்க சொன்னது சரிதான். நானும்தான் மறைச்சேன். உங்களைப் பிடிச்சிருக்குன்னு."

அப்போதுதான் நாலாவது அறையில் ஒரு நாற்காலி தரையை உரசியது. மெதுவாக. யாரோ எழுந்திருக்கிற மாதிரி.

"அந்த மழை நாள்ல உள்ளே வந்தவங்க..." அவன் குரல் தாழ்ந்தது.

"இன்னும் வெளியே போகல," என்று முடித்தாள் அவள்.

"பயமாயிருக்கா?"

"வருஷம் பூரா தனியாவே போய்ப் பார்த்தேன். இனிமே முடியாது. எந்த ரூமுக்கும், எந்த நாளும், தனியா முடியாது. வருவீங்களா?"

பதிலுக்கு அவன் கை அவள் கையைப் பற்றியது. இருவரும் இருட்டுக்குள் நடந்தார்கள். உள்ளே யாரோ மெல்ல ஒதுங்கி வழி விட்டது போலிருந்தது.

அவள் கையை விடவில்லை.